கீழ் வரி காலி

ஹடப்சரில் யாரும் காசநோயால் சாவதில்லை. குப்பையால் சாவதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் சாவதில்லை. அடித்துக் கொன்றாலும்கூட அதனால் சாவதில்லை. எல்லாருக்கும் இதயம் நின்றுபோகிறது, அவ்வளவுதான். புனேயின் கிழக்கு வாசலில் சோலாப்பூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்திருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் மகர்பட்டாவின் ஐ.டி. கோபுரங்கள், இன்னொரு பக்கம் ராம்டேக்டியின் தகரக் கூரைகள், நடுவில் எந்நேரமும் ஹார்ன் ஓயாத காடிதள் பஸ் நிலையம், போதாததற்கு உலகத்துக்கே தடுப்பூசி வடிக்கும் தொழிற்சாலை ஒன்று. இத்தனை வகை வாழ்க்கை நடக்கும் இடத்தில் சாவு மட்டும் ஒரே வகை. மருத்துவ உலகம் கூடி ஆராய வேண்டிய அதிசயம்.

சாவைப் பதிவு செய்ய நம்மிடம் நல்ல சட்டம் இருக்கிறது, 1969ஆம் வருடத்தியது. 21 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் போன உயிருக்குப் படிவம் 4, வெளியே போன உயிருக்கு 4ஏ. அந்தப் படிவத்தின் அமைப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, நேர்மையான ஆள். முதல் வரியில் உடனடிக் காரணம் என்ன என்று கேட்கிறது. அடுத்த வரியில், அது எதனால் வந்தது என்கிறது. அதற்கும் கீழே, சரி, அது எதனால் என்கிறது. தூங்க மறுக்கும் பிள்ளை மாதிரி விடாமல் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே எழுதப்படுவதுதான் மூல காரணம். புள்ளிவிவரத்தில் ஏறுவதும் அதுதான். செத்த விதத்தை எழுதாதே, கொன்ற நோயை எழுது, ‘இதயம் செயலிழந்தது’ என்று எழுதிவிட்டுப் போகாதே என்று அந்தத் தாளிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த அச்செழுத்துக்கு நேர் எதிரிலேயே ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதுவதில் நம் டாக்டர்களுக்குக் கை நடுங்குவதில்லை. இதயமும் மூச்சும் நின்றனவாம். இவை இரண்டும் நிற்காமல் செத்தவர்கள் அமைச்சரவைகளில் வேண்டுமானால் இருக்கலாம், ஆஸ்பத்திரிகளில் கிடையாது.

டாக்டரை மட்டும் திட்டுவது சுலபம். ராத்திரி டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்த நோயாளியை அரை மணி நேரமாகத்தான் தெரியும். வெளியே உறவினர் கூட்டம், வண்டி நிற்கிறது, மார்ச்சுவரியில் இடமில்லை. கீழ் வரியில் ஏதாவது எழுதினால் நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் வருவான், போலீஸ் வரும், மேலிடத்திலிருந்து போன் வரும். ஏனென்றால் காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டால் காரணமானவர் என்று ஒருவர் முளைத்துவிடுவார். அவருக்கு ஒரு பதவி இருக்கும், ஒரு கட்சி இருக்கும், சில சமயம் ஒரு தொழிற்சாலையும் இருக்கும். இதயத்துக்கு இது எதுவும் கிடையாது. இதயம் வக்கீல் வைக்காது.

குடும்பத்துக்காவது தெரியுமா? சாவுச் சான்றிதழில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், இடம் இருக்கும், காரணம் இருக்காது. பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகலில் காரணத்தைக் காட்டக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. செத்தவரின் மானத்தைக் காக்க என்று வைத்துக்கொள்வோம். 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஆஸ்பத்திரி காரணச் சான்றின் பிரதி ஒன்றை நெருங்கிய உறவினருக்குத் தந்தாக வேண்டும். அதாவது இதயம் நின்றுவிட்டது என்ற ரகசியம் இனி வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

இதெல்லாம் பழைய வித்தைதான். லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணிக்கடைக்காரர் 1662இல் சாவுப் பட்டியல்களை வைத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார். மக்கள்தொகைப் புள்ளியியல் என்பதே அங்கிருந்துதான் ஆரம்பம். அதில் 1632ஆம் வருடக் கணக்கு இருக்கிறது. பல்லால் செத்தவர் 470 பேர். கிரகத்தால் 13 பேர். ‘திடீரென’ 62 பேர். பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்லக் கிழவிகளை நியமித்திருந்தார்கள். ஒரு கோப்பை பீரும் கொஞ்சம் சில்லறையும் கொடுத்தால் மேகநோயில் செத்தவன் க்ஷயத்தில் செத்ததாக மாறிவிடுவான் என்று கிரான்டே எழுதுகிறார். நாம் அந்தக் கிழவிகளை எம்.பி.பி.எஸ். படிக்க வைத்திருக்கிறோம். கிரகம் பட்டியலிலிருந்து போய்விட்டது, ‘திடீரென’ மட்டும் வேறு பெயரில் பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

இந்த அழகில் டாக்டர் கை பட்ட சாவுகளே குறைவு. 2021இல் நாடு முழுக்கப் பதிவான சாவுகள் 1 கோடியே 2 லட்சம். அவற்றில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 23.4 சதவீதம். பாக்கி நாலில் மூன்று பங்கு ஜனங்கள் எதனால் போனார்கள் என்பதற்கு வீட்டார் வாய்ச்சொல்தான் ஆதாரம், அதுவும் கேட்டால். ‘காய்ச்சல்’, ‘வயசாகிவிட்டது’, ‘ராத்திரி நல்லாத்தான் இருந்தார்’.

சரி, காரணம் போகட்டும். விகிதமாவது தெரிய வேண்டாமா? சாவு விகிதம் பள்ளிக்கூடக் கணக்குதான். செத்தவர்களை இருப்பவர்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கு. ஹடப்சரில் இருப்பவர்கள் எத்தனை பேர்? 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு தடவை தவறாமல் எண்ணிவந்த நாடு இது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல்கூட வெள்ளைக்காரன் ஆளை அனுப்பி எண்ணினான். 2021இல் எண்ணவில்லை. கொரோனா என்றார்கள், கொரோனா போய்த் தேர்தல்கள் வந்தன, கும்பமேளா வந்தது, கிரிக்கெட் உலகக் கோப்பை வந்தது, கணக்கெடுப்பு மட்டும் வரவில்லை. இனி 2027. அதுவரை ஹடப்சரின் ஜனத்தொகை 2011லேயே உறைந்து நிற்கும். அன்று கரும்பு நின்ற நிலங்களில் இன்று இருபது மாடிகள் நிற்கின்றன. அவற்றின் உள்ளே வாழ்பவர்கள் அரசின் வகுத்தலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சாகும்போது மட்டும் கணக்கின் மேல்தளத்தில் ஏறிக்கொள்வார்கள்.

எண்ண வருகிறபோது என்ன கேட்பார்கள் தெரியுமா? வீட்டுப் பட்டியல் கேள்விகளைப் பாருங்கள். தரை எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, கக்கூஸ் உண்டா, இன்டர்நெட் உண்டா, கார் உண்டா, முக்கியமாகச் சாப்பிடும் தானியம் எது. கோதுமையா கம்பா என்பது அரசுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த வீட்டில் கடைசியாக யார் செத்தார், எதனால் என்பது தெரிய வேண்டியதில்லை.

மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் இஷ்டத்துக்கு மாற்றுவதில் புனே மாநகராட்சி ஒரு படி மேலே போயிருக்கிறது. ஹடப்சரைத் தாண்டினால் உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி என்று இரண்டு கிராமங்கள். 1990களிலிருந்து புனேயின் குப்பை அங்கேதான் போய்க் கொட்டப்பட்டது. மலையாகக் குவிந்தது, அடிக்கடி தீப்பிடித்தது, கசிவு இறங்கிக் கிணறுகள் கெட்டன. கிராமத்துக்காரர்கள் லாரிகளை மறித்து உட்கார்ந்தபோதெல்லாம் நகரம் நாறியது. நாறியபோதெல்லாம் தலைவர்கள் வந்து வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் 2017இல் அந்த ஊர்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். குப்பை மட்டும் முனிசிபல் சொத்தாக இருந்த இடத்தில் மனிதர்களும் முனிசிபல் சொத்தானார்கள். வரி வந்தது. தண்ணீர் டேங்கரில் வந்தது. பிறகு 2024இல் இரண்டையும் வெட்டி எடுத்துத் தனி நகராட்சி என்று அறிவித்துவிட்டார்கள்.

கணக்கை யோசித்துப் பாருங்கள். புனேக்காரன் தின்று போட்ட மாம்பழக் கொட்டை ஃபுர்சுங்கிக் காற்றில் புகைந்து ஒருவர் நெஞ்சைக் கெடுத்தால், 2016இல் அது கிராமத்துச் சாவு, 2019இல் புனேச் சாவு, இப்போது வேறு ஊர்ச் சாவு. நோய் அதே, நெஞ்சு அதே, குப்பை அதே. எல்லைக்கோடு மட்டும் எழுந்து நடந்துபோய்விட்டது. படிவத்தின் கீழ் வரியில் ‘புனே மாநகராட்சி’ என்று எழுத எந்த டாக்டருக்கு மார்பு அகலம் இருக்கிறது?

இனி தொழிற்சாலைக்கு வருவோம். குதிரைப் பண்ணை வைத்திருந்த பூனாவாலா குடும்பத்தின் சைரஸ் பூனாவாலா 1966இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் ஹடப்சரில்தான் இருக்கிறது. உலகக் குழந்தைகளில் பாதிக்கு மேல் தங்கள் ஊசியில் ஒன்றையாவது போட்டுக்கொண்டவர்கள் என்று கம்பெனி சொல்கிறது; சாதனைதான், சந்தேகமில்லை. 2021 ஜனவரி 12 விடியற்காலை, கோவிஷீல்ட் ஏற்றிய முதல் லாரிகளுக்குப் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். டி.வி.க்கள் நேரலையில் காட்டின. ஹடப்சர் ஒரே நாளில் உலக வரைபடத்தில் ஏறிவிட்டது.

ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 21, ஹடப்சரை ஒட்டிய மாஞ்சரியில் அந்தக் கம்பெனியின் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றில் தீ. கட்டுமான வேலையில் இருந்த ஐந்து தொழிலாளர்கள் கருகிப்போனார்கள். முதலில் உயிர்ச்சேதம் இல்லை என்று மேலிடத்திலிருந்து ட்வீட் வந்தது. பிறகு, உயிர்ச்சேதம் உண்டு என்று வந்தது. அன்று மாலையே இன்னொரு முக்கியமான தகவலையும் சொல்லிவிட்டார்கள்: கோவிஷீல்ட் உற்பத்திக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, மாற்றுக் கட்டடங்கள் கைவசம் இருக்கின்றன. நாடு பெருமூச்சு விட்டது. ஐந்து குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் என்று அறிவித்தார்கள். உலகத்தைச் சாவிலிருந்து காப்பாற்றும் ஆலையில் வெல்டிங் வேலைக்கு வந்தவனைச் சாவிலிருந்து காப்பாற்றுவது யார் பொறுப்பு என்பதற்குப் படிவத்தில் வரி இருக்கிறது. நிரப்பத்தான் ஆள் இல்லை.

ஏப்ரல் வந்தது, இரண்டாம் அலை வந்தது. புனே நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட நகரங்களில் ஒன்று. அந்த மாதம் முதல் வாரத்தில் புனே மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தடுப்பூசி மையங்கள் ‘ஸ்டாக் நஹி’ என்று கதவைச் சாத்தின. இந்தப் பக்கம் ஆலையின் மதில், மதிலுக்குள் கோடிக்கணக்கில் பாட்டில்கள் நிரம்புகின்றன. அந்தப் பக்கம் வரிசை, வரிசையில் சர்க்கரை வியாதிக்காரக் கிழவர்கள். ஏப்ரல் 21 அன்று விலைப்பட்டியல் வெளியானது. ஒரே ஆலை, ஒரே மருந்து, ஒரே பாட்டில்: மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுக்கு 400, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. கூச்சல் எழுந்ததும் மாநிலத்துக்கு 300 என்று குறைத்து, அதைத் தர்மம் என்றார்கள். வைரஸ் மட்டும் மூவருக்கும் ஒரே ரேட்டில் சப்ளை செய்துகொண்டிருந்தது.

அதே ஏப்ரல் 21, நாசிக்கில் ஜாகிர் உசேன் ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் டேங்கில் கசிவு. கொஞ்ச நேரம் சப்ளை நின்றதில், வென்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருந்த 22 பேர் போனார்கள். ஜூலை 20, மாநிலங்களவையில் மத்திய அரசு எழுத்துமூலம் பதில் தந்தது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் செத்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. எதிர்க்கட்சிகள் குதித்தன. மறுநாளே, எதிர்க்கட்சிகள் ஆண்ட மராட்டியத்தின் சுகாதார அமைச்சர், எங்கள் மாநிலத்திலும் அப்படி யாரும் சாகவில்லை, பலருக்கு இணைநோய் இருந்தது என்றார். சண்டைக்காரர்கள் இருவரும் ஒன்றுபட்ட ஒரே இடம் சுடுகாடு. சிலிண்டரைத் தேடி ராத்திரியெல்லாம் பைக்கில் ஊர் சுற்றிய பிள்ளைகள் கனவு கண்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்பது வதந்தி, இணைநோய் போதுமான அளவு இருந்தது.

பிறகுதான் அதிசயம் நடந்தது. கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் சொல்ல, 50 ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் செத்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். (31ஆம் நாள் செத்தவர் அவசரப்படாததற்குத் தண்டனை, ஆஸ்பத்திரியிலேயே கிடந்து செத்திருந்தால் மட்டும் மன்னிப்பு.) காசு என்றதும் செத்தவர்கள் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். குஜராத் தன் கணக்கில் 10 ஆயிரம் சாவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரிக்குள் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களை அதே அரசு ஏற்றுக்கொண்டது. மராட்டியக் கணக்கில் ஒரு லட்சத்து 41 ஆயிரம். வந்த மனுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. ஒரு சாவு நடந்ததா இல்லையா என்பது எந்த மேஜையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுகாதாரத் துறை மேஜையில் உயிரோடு இருப்பவர் கருவூல மேஜையில் செத்துவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், 2020லும் 21லும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செத்தவர்கள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. நம் அரசு சொன்னது 4.8 லட்சம். பத்தில் ஒன்று. கணக்குப்போட்ட முறை தப்பு என்று டெல்லி கோபித்துக்கொண்டது. சரி, உங்கள் முறையில் போட்ட கணக்கை எடுங்கள் என்றால், 2021ஆம் வருடப் பதிவு அறிக்கையை எடுக்க 2025 மே வரை ஆயிற்று. எடுத்துப் பார்த்தால் 2020ஐவிட 2021இல் 21 லட்சம் சாவுகள் கூடுதல். கூடவே வந்த மருத்துவச் சான்று அறிக்கையில் இன்னொரு வேடிக்கை. டாக்டர்கள் கொரோனா என்று எழுதிக் கொடுத்தவை மட்டும் அந்த வருடம் 4 லட்சத்துக்கு மேல். நாலில் ஒரு பங்குச் சாவுகளுக்குக்கூடச் சான்று இல்லாத நாட்டில், சான்று உள்ளவற்றிலேயே இவ்வளவு. அரசு அந்த வருடத்துக்குச் சொன்ன மொத்தக் கொரோனாச் சாவோ சுமார் 3.3 லட்சம். தன் வலது கை எழுதியதை இடது கை நான்கு வருஷம் கழித்துப் படித்து, படித்த பிறகும் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டது.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2020 ஜூலையில் சென்னையின் விடுபட்ட 444 சாவுகளை ஒரே நாளில் கணக்கில் ஏற்றியவர்கள் நாம். ஒரு கமிட்டி போட்டுத் தேடியதால் கிடைத்தன. கமிட்டி போடாத இடங்களில் யாரும் விடுபடவில்லை.

ஹடப்சருக்குப் பெருந்தொற்று புதிதில்லை. 1897இல் புனேயைப் பிளேக் பிடித்தபோது, ஊருக்கு வெளியே இதே ஹடப்சரின் சசாணே மளா என்ற தோட்டத்தில் ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். திறந்தவர்கள் சாவித்திரிபாய் புலேயும் அவர் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போனபோது சாணியடி வாங்கியவர், வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. முண்ட்வாவுக்கு வெளியே மகார் சேரியில் ஒரு பையனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு ஓடி, அவனைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார். நோய் தொற்றியது. மார்ச் 10 இரவு இறந்துபோனார்.

அந்தச் சாவுக்குப் படிவத்தை நிரப்பிப் பார்க்கலாம். முதல் வரி: பிளேக். இரண்டாம் வரி: நோயாளியைத் தொட்டது. மூன்றாம் வரி: அந்தப் பையனைத் தொட வேறு ஆள் இல்லாதது. இந்த வரியை அன்றைய புனேயில் யார் எழுதியிருப்பார்கள்? எழுதியிருந்தால் பாதி ஊரின் பெயர் அதில் வந்திருக்கும். இன்னொன்று: அதே வருடம் ஜனவரி 10, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி பம்பாயில், ஹாஃப்கின் தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்துவிட்டார். மருந்து பக்கத்து ஊரில் இருக்க இந்த ஊரில் ஆள் செத்த கதை 2021க்கு மட்டும் சொந்தமில்லை.

வெள்ளைக்காரன் தன் பங்குக்கு அந்தப் பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் போட்டான். சின்னச் சட்டம், நான்கே பிரிவு. நான்காவது பிரிவு, இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார் மேலும் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. 2020 மார்ச்சில் அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தோம். பல சட்டங்களை அடிமைச் சின்னம் என்று தூக்கிப் போட்டிருக்கிறோம். இதை வைத்துக்கொண்டோம். தடுப்பூசி காலாவதியாகும், நல்லெண்ணம் காலாவதியாகாது.

சாவித்திரிபாய் பெயரில் இப்போது புனேயில் பல்கலைக்கழகம் இருக்கிறது.

நோய்ச் சாவுகளை விடுங்கள். 2014 ஜூன் 2, இரவு, ஹடப்சர். யாரோ எவரோ பேஸ்புக்கில் சிவாஜி மகாராஜையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்திப் படம் போட்டார்கள் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த நேரம். தொழுகை முடித்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். சோலாப்பூரிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தப் படத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாடி இருந்தது, குல்லா இருந்தது. ஹாக்கி மட்டைகளோடு வந்த கும்பல் அடித்தே கொன்றது.

முதல் வரி: தலைக்காயம். இரண்டாம் வரி: மட்டை. மூன்றாம் வரிக்கு உயர் நீதிமன்றம் உதவிக்கு வந்தது. 2017 ஜனவரியில் மூன்று பேருக்கு ஜாமீன் கொடுத்த பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவு, செத்தவர் செய்த ஒரே தப்பு வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருந்தது என்றும், அதைத் தான் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னது. சொந்தப் பகை இல்லை, மதத்தின் பேரால் உசுப்பேற்றப்பட்டார்கள், பாவம். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் புனே செஷன்ஸ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுதலை செய்தது. ஆக, அவரை யாரும் கொல்லவில்லை. ஊர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், மட்டைகள் தாமாக ஆடியிருக்கின்றன. கீழ் வரி இத்தனை சுத்தமாகக் காலியாக இருக்கும் சாவு இந்த ஊர் வரலாற்றில் வேறு இல்லை. 1802இல் ஹோல்கர் படை இதே ஹடப்சரில் பேஷ்வா படையைச் சாய்த்ததே, அந்தப் போரில் செத்தவனுக்குக்கூட யார் கொன்றது என்று தெரிந்திருக்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாணி நகரில், 2024 மே மாதம், பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் என்ஜினியர்கள் செத்தார்கள். பையனை ஜாமீனில் விட்டபோது சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவன் ரத்த மாதிரியை அரசு ஆஸ்பத்திரியிலேயே குப்பையில் போட்டுவிட்டு வேறு ரத்தத்தை வைத்தார்கள் என்கிறது போலீசின் குற்றச்சாட்டு. கீழ் வரியைக் காலியாக விடுவதெல்லாம் ஏழைகள் முறை. வசதி இருந்தால் மூல காரணத்தையே சிரிஞ்சில் உறிஞ்சி மாற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே புனே மாவட்டத்தில், வடூ வட்டாரத்தின் 22 கிராமங்களில், கே.இ.எம். ஆஸ்பத்திரிக்காரர்கள் 2002 முதல் வீடு வீடாகப் போய்ப் பிறப்பையும் சாவையும் எழுதிவருகிறார்கள். 1912இல் சர்தார் முதலியார் என்ற நம்மவர் தொடங்கிவைத்த ஆஸ்பத்திரி அது. அது நிற்கும் தெருவுக்கு இன்றும் அவர் பெயர்தான். டாக்டரே பார்க்காத சாவாக இருந்தால், களப்பணியாளர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மூச்சு வாங்கியதா? கால் வீங்கியதா? எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள், எவ்வளவு நேரம் ஆனது? பதில்களை டாக்டர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்கிறார்கள். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, உட்கார்ந்து கேட்கிற பொறுமை. கிராமத்தில் செத்தால் திண்ணை தேடி வந்து கேட்கிறார்கள். ஸ்மார்ட் சிட்டியில் செத்தால் ‘உத்யா யா’, நாளைக்கு வா என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

ஆகவே மாநகராட்சிக்குச் சில யோசனைகள். ‘இதயம் நின்றது’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளலாம். டாக்டர்களின் மை மிச்சம். டெண்டர் விட்டால் யாராவது மச்சானுக்குப் பிழைப்பு. படிவத்தின் இரண்டாவது, மூன்றாவது வரிகளை எடுத்துவிட்டால் கிடைக்கும் இடத்தில் இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு விளம்பரம் போடலாம். இன்னும் எண்ணப்படாத மக்களுக்கு வீடு தேவைப்படுகிறது. முக்கியமான யோசனை விகிதத்தைப் பற்றியது. உருளியையும் ஃபுர்சுங்கியையும் வெட்டி எறிந்த மாதிரி, சாவு கூடும் பேட்டைகளை ஒவ்வொன்றாக எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டே வர வேண்டும். இந்த வருடம் ராம்டேக்டி, அடுத்த வருடம் மாஞ்சரி, பிறகு ஹடப்சர் முழுக்க. கடைசியில் சிவாஜி நகரில் மாநகராட்சிக் கட்டடம் மட்டும் எல்லைக்குள் மிஞ்சும். ராத்திரியில் அங்கே யாரும் குடியிருப்பதில்லை, ஆகவே சாவதுமில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்பதை மராட்டியத் தலைமைச் செயலகமான மந்த்ராலயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விளக்கும்.